பதினோரு நாற்காலியும் ஒரு தேயிலைப் பெட்டியும்

நம் தோட்டத்து மாதா கோயிலுக்கு ஜூபிலி மலர் போடப் போகிறீர்கள். சந்தோஷம். சிறு வயதில் நாம் கண்ட பெரிய வியாழனைப் பற்றி இனிமையாக நாலு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இனிப்பு வாங்க வேப்பமரத்தடிக்கு வந்த கதைதான். மூன்று வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன், எழுதினால் இதுதான் வருகிறது. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் என்றால் யார்? ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்து, ஒரே பீலித் தண்ணீரில் குளித்து, ஒரே மாஸ்டரிடம் பிரம்படி வாங்கிய நாம்தான். ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில், ஒருவர் திருச்சியில். எல்லோருக்கும் முழங்கால் வலி, பாதிப் பேருக்குச் சீனி வியாதி. ஒருவருக்கும் அந்த வருஷம் மறந்திருக்காது. மறந்த மாதிரி பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே நம் தோட்டத்தில் வேதக்காரர்கள் முப்பது குடும்பம் இருந்தால் அதிகம். சாமியார் டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வருவார், பெரிய வாரத்தில் மட்டும் வியாழன் முதல் தங்குவார். மற்ற ஞாயிறுகளில் மாஸ்டர் செபம் சொல்லுவார். யாழ்ப்பாணத்திலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர், புதிது. அவர் வரும் வரைக்கும் பெரிய வியாழனன்று நம் கோயிலில் பதினோரு நாற்காலிதான் போடுவார்கள். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக அன்று உலகம் முழுக்கப் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினால் நம் தோட்டத்தில் மட்டும் பதினோரு பேர். பன்னிரண்டாவது நாற்காலி யூதாசுடையது, அதில் உட்கார்ந்தவன் வீட்டுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம். பழைய சாமியாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அல்லது எண்ணிவிட்டுச் சும்மா இருந்தார்.

அந்தப் பதினோரு பேரும் படுகிற பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாமியார் முத்தமிடப் போகிற கால் என்று இரண்டு நாளைக்கு முன்பே தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். பீர்க்கங்கூடு, கருங்கல், லைஃபோய் சவர்க்காரம். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பையும் அட்டை கடித்த புள்ளியையும் தவிர மற்ற எல்லாம் போய்விடும். சாமியார் கழுவுவதற்கு அங்கே அழுக்கே இருக்காது. அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே நாம் முன்வரிசையில் இடம் பிடிப்போம்.

என் அப்பா அந்தப் பதினோரு பேரில் ஒருநாளும் இருந்ததில்லை. அவர் தொரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. மலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பங்களாவில் வேலை செய்கிறவன் மேல் எப்போதும் அரைக் கண் சந்தேகம் உண்டு. அப்பா சைப்ரஸ் வெட்டிய வாசத்தோடு வீட்டுக்கு வருவார். ஜெரேனியம் கிளை ஒன்றை ஒடித்து வந்து பால்டின்னில் நட்டு வாசல் இஸ்தோப்பில் வைத்திருந்தார். நம் லயத்திலேயே பூந்தொட்டி இருந்த ஒரே இஸ்தோப்பு எங்களுடையதுதான். அதையும் பிறகு யாரோ உதைத்து உடைத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், உங்களில் ஒருவர்.

அந்தத் தவக்காலத்தில் எனக்கு ஒன்பது வயது. உயிர்த்த ஞாயிறன்று முதல் நன்மை அப்பம் வாங்க ஐந்து பிள்ளைகளைத் தயார் செய்தார் மாஸ்டர். நான் ஒருத்தி, தேயிலை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் மகள் ஒருத்தி. வெள்ளைச் சட்டைக்கு அம்மா எப்படியோ துணி பிடித்துவிட்டாள். முக்காடும் கிடைத்தது. காலுக்குப் போடச் சப்பாத்துதான் இல்லை. "காலையா பாக்கப் போறாரு ஆண்டவரு?" என்றாள் அம்மா. நான் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன். டீமேக்கர் மகளுக்கு அந்த வருஷம் புதுச் சப்பாத்து வந்திருந்தது. அப்படியானால் பழையது சும்மா கிடக்கும் அல்லவா? என் புத்தி அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அதே நாட்களில் லயத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவைத் தோட்டம் கூட்டிவிட்டது. மழையில்லாத மாதம், கொழுந்தே இல்லாத மலையில் கூடுதல் கொழுந்துக்கு எங்கே போவது? சங்கத்துத் தலைவர் நாலாவது காம்பராக்காரர், பெரிய குரல். அவர் தலைமையில் ஆண்கள் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். திங்கட்கிழமை விடியும் முன்னே எல்லோரும் ஸ்டோருக்கு முன்னால் ரோட்டில் குந்திவிடுவது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லொறியும் இறங்கக் கூடாது. பெட்டி நின்றால்தான் தொரை பேச வருவார்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னார். நான் அடுப்படியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "பாப்பா, இது இந்தக் காம்பராவ விட்டு வெளிய போகக் கூடாது. பல பேரு வயிறு இதுல கெடக்கு," என்றார். நான் தலையாட்டினேன். நன்றாகத் தெரிந்துதான் ஆட்டினேன்.

சனிக்கிழமை மந்திரம் பாடம் பண்ணுகிற சாக்கில் டீமேக்கர் வீட்டுக்குப் போனேன். டீமேக்கர் அம்மா எனக்குக் கேக் துண்டு கொடுத்தார். பிறகு உள்ளே போய் அந்தப் பழைய சப்பாத்தை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, துணியால் துடைத்தபடியே கேட்டார்.

"லயத்துல எல்லாரும் கூடிக் கூடிப் பேசுறாங்களாமே, என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்லீங்க அம்மா."

"சும்மா சொல்லு. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? ஐயாவுக்கு ஏதும் வந்துடுமோன்னு பயமா இருக்கு, அதான் கேக்குறேன்."

அவர் பயந்தது உண்மையாகவும் இருந்திருக்கலாம். இந்த வயதில் அதுகூட எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைத்தான் பார்த்தேன். வாரில் ஒரு சின்ன வெள்ளிப் பூ இருந்தது. சொன்னேன். திங்கட்கிழமை, விடியும் முன், ரோடு, லொறி, தலைவர், இன்னும் யார் யார், எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை, ஒன்றும் அறியாமல் உளறிவிட்டது என்று யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வர வேண்டாம். அறிந்து விற்றேன்.

ஆமாம். காட்டிக்கொடுத்தது நான்தான். ஐம்பது வருஷமாக நீங்கள் என் அப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கிற அந்த ஆள் நான்தான்.

மறுநாள் குருத்து ஞாயிறு. கையில் குருத்தோலையோடு கோயிலுக்குள் ஓசன்னா பாடிக்கொண்டிருந்தபோது வெளியே லொறி இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று. பாரம் ஏற்றிய லொறி வளைவில் திரும்புகிற முனகல் மலையில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தலைவர் ஓலையைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினார். அதற்குள் முதல் லொறி இரண்டாவது வளைவைத் தாண்டியிருந்தது. மாஸ்டர் பாட்டை நிறுத்தவில்லை. நானும் பாடினேன்.

திங்கட்கிழமை காலியான ஸ்டோருக்கு முன்னால் எல்லோரும் குந்தியிருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை தலைவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டு கிடைத்தது. மாதம் முடிவதற்குள் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. யார் சொன்னது என்று யாரும் அதிகம் தேடவில்லை. தினமும் பங்களாவுக்குப் போகிறவன் ஒருத்தன் லயத்திலேயே இருக்கும்போது எதற்குத் தேடுவார்கள்?

பீலிக்கரையில் வரிசையில் வைத்த அம்மாவின் வாளியைத் தூக்கிக் கடைசியில் வைத்தார்கள். அவள் எடுத்து முன்னால் வைத்தாள். மறுபடி தூக்கி எறிந்தார்கள். வாளி உருண்டு சாக்கடைக் கானில் விழுந்தது. அம்மா மண்ணை வாரித் தூற்றிக் கத்தினாள்: "என் புருசன் சொல்லல! எந்த நாக்கு சொல்லிச்சோ அந்த நாக்கு புழுத்துப் போகட்டும்!" நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்னைப் பெற்றவள் வாயாலேயே என் நாக்குக்குச் சாபம் வாங்கினேன். சாகும் வரைக்கும் அவளுக்கு அது தெரியாது.

தலைவரும் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார். அப்பாவிடம் பேசவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ சொல்லு புள்ள. நீ பொய் சொல்ல மாட்ட. ஒங்கப்பன் தொரைகிட்ட என்னா சொன்னான்?"

"தெரியாதுங்க," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அவருக்கு. "புள்ளையே இல்லன்னு சொல்லல, பாத்தீங்களா?" என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. பிள்ளை பயந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பின்நேரம் சிலுவைப்பாதை முடிந்து, அடுத்த நாளுக்கான நாற்காலிகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்தார்கள். மாஸ்டர் எண்ணினார். "என்ன, பதினொண்டுதான் கிடக்கு?"

விஷயத்தை விளக்கினார்கள். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன மூடப் பழக்கம்! வேதத்தில பன்னிரண்டு பேர் எண்டு கிடக்கு. யூதாஸ் காட்டிக்குடுக்கப் போறான் எண்டு ஆண்டவருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அவன்ர காலையும் கழுவினவர். இந்தச் சடங்கின்ர அர்த்தமே அதுதானே! அந்த ஒருத்தனை விட்டிட்டு மிச்சப் பேருக்குக் கழுவி என்ன பிரயோசனம்?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. பாவம், நல்ல மனுஷன். லயத்தில் நடந்தது ஒன்றும் அவருக்கு எட்டவில்லை. வேதத்தைச் சரியாகப் படித்திருந்தார், எதிரே நின்ற முகங்களைத்தான் படிக்கவில்லை.

தலைவர் சிரித்தார். "சரிங்க மாஸ்டர். இந்த வருசம் பன்னெண்டு பேரு உக்காருவோம். ஆளு நம்மகிட்டயே இருக்கு." பள்ளிக்கூடத்தில் மிச்ச நாற்காலி இருந்தது. ஆனாலும் ஸ்டோரிலிருந்து ஒரு காலித் தேயிலைப் பெட்டியைத் தூக்கிவந்து பதினோரு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். விளிம்பில் தகரம் அடித்த பலகைப் பெட்டி. உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது, தேயிலைத் தூளின் வாசம் போகவில்லை. லொறியில் போகாமல் தப்பிய பெட்டி அது ஒன்றுதான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார்.

அப்பாவுக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். "போகாதீங்க," என்று அம்மா காலைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல், அந்த மாதத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்த நேரம். அப்பா அடுப்புக்கு விறகு எடுக்கப் போனார். விறகுக் குவியலுக்குள் நான் ஒளித்து வைத்திருந்த சப்பாத்து அவர் கையில் சிக்கியது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வாரில் இருந்த வெள்ளிப் பூவைப் பெருவிரலால் தடவினார். அதற்கு முந்தின நத்தார் பண்டிகைக்குப் பங்களாவில் தோட்டத்து உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்கு விருந்து வைத்தபோது, டீமேக்கர் மகள் பூப்பாத்தியை மிதித்து வெள்ளிப் பூ வைத்த சப்பாத்தைச் சேறாக்கிக்கொண்டு அழுதாளாம். அந்தச் சேற்றைத் தன் தலைத்துண்டால் துடைத்துவிட்டதை அப்பாவே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

"இது ஏது பாப்பா?"

"டவுன் மடத்து சிஸ்டரம்மா குடுத்தாங்க."

நான் அடிக்குத் தயாராகி நின்றேன். அவர் சப்பாத்தைத் தூசி தட்டி, உள்ளே பழைய பேப்பர் திணித்து, வெயில் படுகிற இடத்தில் வைத்தார். பிறகு, "வா, காலு பூராச் சேறு," என்று என் கையைப் பிடித்துப் பீலிக்கு அழைத்துப் போனார். அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. என்னைக் கல்லில் உட்கார வைத்துவிட்டு அவர் கீழே குந்தினார். கணுக்காலில் இரண்டு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சவர்க்கார நுரையைத் தடவி அவற்றை விழ வைத்தார். இரத்தம் நிற்கும் வரை பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கு, குதிகால், நகக்கண் என்று ஒன்றொன்றாகத் தேய்த்தார். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது, அவர் கை மட்டும் சூடாக இருந்தது. கடைசியில் தன் துண்டால் துடைத்துவிட்டு, "வெள்ளச் சப்பாத்து போடுற காலு, சுத்தமா இருக்கணும்," என்றார்.

அவருக்குத் தெரியாது என்றுதான் நான் நம்பினேன். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

மாலை நாலு மணிப் பூசைக்கு அப்பா வந்தார். என் காலைக் கழுவியதில் நேரம் போய்விட்டதால் அவர் தன் காலைக் கழுவிக்கொள்ளவில்லை. பங்களாத் தோட்டத்துச் செம்மண் குதிகால் வெடிப்புக்குள் இருந்தபடியே தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்தார். முதல் நாற்காலியில், முதல் சீடர் இராயப்பராகத் தலைவர். சாமியார் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். எனாமல் பேசினில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பன்னிரண்டாவது ஆளிடம் வந்தபோதுதான் தண்ணீர் நிறம் மாறியது. சாமியார் குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். அப்போது முன்வரிசையிலிருந்து "ஸ்ஸ்" என்று பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. யார் யார் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன்: அந்தச் சத்தத்தில் என் வாயும் சேர்ந்தது. உங்களோடு ஒட்டிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை முதல் பாவசங்கீர்த்தனம். சீனி திருடினேன், தம்பியைக் கிள்ளினேன் என்றேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சப்பாத்தோடு நடந்துபோய் நன்மை வாங்கினேன். சப்பாத்து ஒரு அளவு சின்னது. பீடத்துக்குப் போய் வருவதற்குள் இரண்டு குதிகாலும் கொப்பளித்து உடைந்துவிட்டன. அழாமல் நடந்தேன். அப்பா கடைசி வரிசையில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். தலைவர் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போனது. அப்பா அடுத்த வருஷமும் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தார், அதற்கடுத்த வருஷமும் உட்கார்ந்தார். பன்னிரண்டு பேர் வேண்டும் என்று வந்துவிட்டது, அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம். சம்பளமில்லாத உத்தியோகம் மாதிரி. ஒருமுறை நான் ஆசிரியையாகி லீவில் வந்திருந்தபோது, "ஏம்பா போறீங்க?" என்று சண்டை பிடித்தேன். "நான் எந்திரிச்சிட்டா அந்த எடத்துக்கு யாரையாவது தேடுவாங்க பாப்பா," என்றார். அவர் இறந்தபோது பெட்டி தூக்க நம் லயத்திலிருந்து ஒரு கை வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து தூக்கினார்கள்.

நிபந்தனையில்லாத அன்பு என்று பிரசங்கத்தில் கேட்கும்போது எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். அதைக் கொடுத்தவரைப் பற்றித்தான் பாட்டு இருக்கிறது, வாங்கியவளைப் பற்றி ஒன்றும் இல்லை. அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் கழுவிவிட்டார். அந்த ஈரம் ஐம்பது வருஷமாகக் காயவில்லை. யூதாஸ் ஏன் அன்றைக்கே எழுந்து வெளியே ஓடினான் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

பின்னாளில் தோட்டத்துக்குத் திரும்பி வந்து இப்போது ஜூபிலி கமிட்டித் தலைவராக இருக்கிற தம்பிக்கு இது. போன மாதம் போனில் சொன்னாய்: "அக்கா, இப்ப பொம்பளைங்க காலையும் கழுவுறாங்க. பெரிய வியாழனுக்கு நீங்க வரணும், மொத நாற்காலி ஒங்களுக்கு." உன் அப்பா உட்கார்ந்த நாற்காலி அது. பத்துச்சீட்டு வாங்கி அவர் லயத்தை விட்டுப் போனபோது நீ உன் அம்மாவின் இடுப்பில் இருந்தாய். வவுனியாவில் நீங்கள் பட்ட பட்டினிக்குக் காரணம் என் அப்பா இல்லை, நான். முதலில் இதைக் கோயிலில் எழுந்து நின்று வாசி. அதன் பிறகும் கூப்பிட உனக்கு மனம் இருந்தால் வருகிறேன். நாற்காலி வேண்டாம். அந்தப் பெட்டி இப்போது மெழுகுவர்த்தி போட்டு வைக்கிற பெட்டியாகக் கோயில் பின்னறையான சக்கிரிஸ்தில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதைக் காலி பண்ணி வை.

அப்பாவிடமாவது சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போனேன். கடைசி மாதம் அவர் அட்டனில் என் வீட்டில்தான் படுத்திருந்தார். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, அந்த வருசம்..." என்று தொடங்கினேன். அவர் கண்ணைத் திறக்காமலே கையால் துழாவி என் தலையைத் தொட்டார்.

"அந்தச் சப்பாத்து கடிச்சிச்சா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லப்பா," என்றேன்.